நினைவு யார் கையில் இருக்க வேண்டும்?

புதிதாகக் கைபேசி வாங்கச் செல்பவர் கடைக்காரரிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இதில் எத்தனை ஜிபி?" என்பதே அது. 64 என்றால் உதட்டைப் பிதுக்குகிறார். 256 என்றால் முகம் மலர்கிறார். இக்கேள்வி தவறானதன்று. ஆனால் அது போதாத கேள்வி. நெல் கொட்டிவைக்கப் பத்தாயம் வாங்கச் சென்ற ஒருவர், "எத்தனை மூட்டை கொள்ளும்?" என்று மட்டும் கேட்டுவிட்டு, "எலி புகுமா? மழைநீர் கசியுமா? கதவு இறுகிக்கொண்டால் நெல்லை எப்படி வெளியே எடுப்பது?" என்று கேட்காமல் திரும்பினால் அவரை என்னவென்று சொல்வோம்?

கைபேசி என்று நாம் அழைப்பது உண்மையில் ஒரு கையடக்கக் கணிப்பொறிதான். பேசுவது அதன் பல வேலைகளுள் ஒன்று. அதில் தகவலை வைக்க என்னென்ன வழிகள் உள்ளன, ஒவ்வொன்றையும் எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். இது பற்றி எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. அதைச் சொல்லுமுன், அக்கருத்து எனக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எட்டு நாள் உழைப்பு

2002-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், நண்பர்கள் மூவருடன் கோடியக்கரைக்குச் சென்றிருந்தேன். குளிர்காலத்தில் அங்கு வந்திறங்கும் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுப்பது எங்கள் நோக்கம். மற்ற மூவரும் நோட்டுப் புத்தகமும் பென்சிலும் கொண்டுவந்தார்கள். என்னிடமோ சட்டைப் பையில் அடங்கும் கணிப்பொறி ஒன்று இருந்தது. பூநாரை எத்தனை, உள்ளான் எத்தனை, எந்த நேரத்தில், எந்தத் திசையில் காற்று என்று எல்லாவற்றையும் அதன் சிறிய திரையில் எழுதிவந்தேன். நண்பர்களின் நோட்டைப் பார்த்துச் சற்றுக் கேலியும் செய்தேன்.

எட்டாம் நாள் காலை, மின்கலம் குறைந்துவிட்டது என்று கருவி எச்சரித்தது. தொலைக்காட்சி ரிமோட்டுக்குப் போடுகிறோமே, அந்த மெல்லிய செல் இரண்டு வேண்டும். அங்கிருந்த கடையில் அந்த அளவு இல்லை. "ஊருக்குப் போய் மாற்றிக்கொள்ளலாம்" என்று பையில் போட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து ஊர் திரும்பிப் புதிய செல்களைப் போட்டபோது, கருவி மிகவும் பணிவாக, "இன்று என்ன தேதி?" என்று என்னைக் கேட்டது. அது எல்லாவற்றையும் மறந்துவிட்டது. எட்டு நாள் உழைப்பில் ஒரு பறவை கூட மிஞ்சவில்லை. நண்பர் ஒருவரின் நோட்டில் உப்புநீர் பட்டுச் சில பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஆனால் பிரித்தால் படிக்க முடிந்தது.

தவறு கருவியுடையதன்று, என்னுடையதே. அக்கருவியில் தகவலைக் காக்க மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, உள்ளே இருந்த நினைவகம். இரண்டு, மெமரி கார்டு செருகும் துளை. விலை அதிகம் என்று நான் கார்டு வாங்கவில்லை. மூன்று, வீட்டிலுள்ள மேசைக் கணிப்பொறியோடு இணைத்துப் பிரதி எடுப்பது. அது நூறு மைலுக்கு அப்பால் இருந்தது. மூன்றில் எது மறதி மிக்கதோ, அதை மட்டும் நம்பி எட்டு நாளையும் ஒப்படைத்திருந்தேன்.

ஒழுகும் குடமும் மூடிய குடமும்

கணிப்பொறியின் நினைவகத்தில் ஏன் ஒருவகை மறக்கிறது, மற்றொருவகை மறப்பதில்லை?

'ராம்' எனப்படும் வேலை நினைவகத்தின் பெரும்பகுதி மிக நுண்ணிய மின்தேக்கிகளால் ஆனது. ஒரு மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. அம்மின்தேக்கி அடியில் மெல்லிய விரிசல் கண்ட குடம் போன்றது. ஊற்றிய நீர் ஒழுகிக்கொண்டே இருக்கும். அதனால் கணிப்பொறி ஒவ்வொரு குடத்தையும் எட்டிப் பார்த்து, நீர் இருந்த குடங்களில் மீண்டும் நிரப்பிக்கொண்டே இருக்கிறது. பொதுவாக 64 மில்லி வினாடிக்குள் ஒரு சுற்று முடிந்தாக வேண்டும். அதாவது வினாடிக்குப் பதினைந்து முறைக்கும் மேல்! மின்சாரம் நின்றால் நிரப்புவார் இல்லை, குடங்கள் காலியாகின்றன. கோடியக்கரையில் என் பறவைகள் பறந்துபோன வழி இதுவே.

மற்றொருவகை 'ஃபிளாஷ்' நினைவகம். இதன் அடிப்படையான மிதக்கும் வாயில் என்னும் அமைப்பை 1967-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டாவோன் காங், சைமன் சே என்ற இருவர் விளக்கினார்கள். பின்னர் ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தைச் சேர்ந்த ஃபுஜியோ மசுவோக்கா 1984-ஆம் ஆண்டில் ஃபிளாஷ் நினைவகத்தை அறிவித்தார். இதில் ஒவ்வொரு சிற்றறையும் நாற்புறமும் மின்கடத்தாப் பொருளால் சூழப்பட்டிருக்கும். சற்று உயர்ந்த மின்னழுத்தம் கொடுத்து எலெக்ட்ரான்களை உள்ளே தள்ளிவிட்டால், அவை வெளியேற வழியின்றி அங்கேயே தங்கிவிடும். மின்சாரம் நின்றாலும் கவலையில்லை. இது வாய் மூடிய குடம்.

ஆனால் மூடிய குடத்திற்கும் குறைகள் உண்டு. கரும்பலகையில் எழுத்தெழுத்தாக எழுதலாம். ஃபிளாஷிலும் சிறுகச் சிறுக எழுதலாம். ஆனால் ஒரே ஒரு எழுத்தைத் துடைக்க முடியாது. ஒரு பெரும்பகுதியை மொத்தமாகத் துடைத்தே மீண்டும் எழுத வேண்டும். இவ்வாறு துடைக்கும் ஒவ்வொரு முறையும் அந்த மின்கடத்தாச் சுவர் சிறிது தேய்கிறது. சில ஆயிரம் முறைகளுக்குப் பின் சுவர் நைந்துவிடும். எழுதிய கார்டை அப்படியே பெட்டியில் போட்டுப் பல ஆண்டுகள் வைத்தால், அதுவும் வெப்பமான இடத்தில் வைத்தால், மின்னூட்டம் மெல்லக் கசிந்துவிடவும் கூடும். ஆகவே மறக்காத நினைவகம் என்பது நெடுங்காலம் மறக்காத நினைவகம் என்றே பொருள்படும், என்றென்றைக்கும் என்றன்று.

கையில் எடுத்த நினைவு

கையடக்கக் கருவிகளைச் செய்தவர்கள் இச்சிக்கலை எவ்வாறு எதிர்கொண்டார்கள் என்று பார்ப்பது சுவையானது.

1974-ஆம் ஆண்டில் ஹியூலெட் பக்கார்ட் நிறுவனம் எச்பி-65 என்ற கையடக்கக் கணக்கிடு கருவியை வெளியிட்டது. கணக்குப் போடும் முறையை 100 படிகள் வரை அதற்குக் கற்றுக்கொடுக்கலாம். கற்பித்ததைச் சூயிங்கம் அளவே உள்ள காந்தப் பட்டை ஒன்றில் பதித்து வெளியே எடுத்துவிடலாம். காந்தத்திற்கு மின்கலம் தேவையில்லை அல்லவா? 1975-ஆம் ஆண்டு அமெரிக்க, சோவியத் விண்கலங்கள் விண்வெளியில் இணைந்தபோது, அமெரிக்க வீரர்கள் இக்கருவியை உடன் எடுத்துச் சென்றிருந்தார்கள்.

1984-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சையான் நிறுவனம் 'ஆர்கனைசர்' என்ற கையடக்கக் கணிப்பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் தகவலைத் தனியே கழற்றக்கூடிய ஒரு சிறு பொதியில் எழுதினார்கள். மின்கலம் தீர்ந்தாலும் பொதியில் இருப்பது அழியாது. ஆனால் விந்தையான இடர்ப்பாடு ஒன்று இருந்தது. ஒரு முகவரியை அழித்தால், 'இது அழிக்கப்பட்டது' என்று குறிக்கப்படுமே தவிர, அந்த இடம் திரும்பக் கிடைக்காது. பொதி நிரம்பிவிட்டால் அதைப் புறஊதா ஒளியில் வைத்து முழுவதையும் துடைக்க வேண்டும்.

1996-ஆம் ஆண்டில் வந்த 'பைலட் 1000' வேறு வழியில் சென்றது. அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், கருவி சட்டைப் பைக்குப் பொருந்துமா என்று பார்க்க, அதே அளவில் ஒரு மரக்கட்டையைச் செய்து பையில் வைத்துக்கொண்டு திரிந்தவர். பைலட் 1000-இன் நினைவகம் வெறும் 128 கிலோபைட். இன்று கைபேசியில் எடுக்கும் புகைப்படம் ஒன்று 3 மெகாபைட் என்று கொண்டால், அதை வைக்க இத்தகைய கருவிகள் 24 வேண்டும்! எழுதியதெல்லாம் ஒழுகும் குடத்தில்தான் இருந்தது. மின்கலம் மாற்றும் சிறு நேரத்திற்கு மட்டும் உள்ளிருந்த மின்தேக்கி ஒன்று நினைவைத் தாங்கும். அப்படியிருந்தும் மக்கள் அதை விரும்பி வாங்கினார்கள். காரணம், அதை மேசைக் கணிப்பொறியோடு இணைந்த தாங்கியில் வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால், எல்லாவற்றிற்கும் மறுபிரதி தயாராகிவிடும். இழப்பு வரும் என்று ஏற்றுக்கொண்டு, அதற்கு மாற்று வைத்த அறிவுடைமை அது.

இதற்கிடையே கழற்றக்கூடிய நினைவகமும் வளர்ந்தது. 1994-இல் காம்பேக்ட் ஃபிளாஷ் கார்டு வந்தது. 1998-இல் ஐபிஎம் நிறுவனம், ஓர் அங்குல விட்டமுள்ள சுழலும் வட்டைக் கொண்ட 340 மெகாபைட் 'மைக்ரோடிரைவ்' ஒன்றை அறிவித்தது. 1999-இல் எஸ்டி கார்டு அறிவிக்கப்பட்டது. அதன் தம்பியாகிய மைக்ரோ எஸ்டி கார்டு 2005-இல் வந்தது. அதன் நீளம் 15 மில்லிமீட்டர், அகலம் 11 மில்லிமீட்டர். சுண்டு விரல் நகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 128 ஜிகாபைட் கொண்ட அத்தகைய கார்டு, பைலட் 1000-ஐப் போல் ஏறத்தாழ 10 லட்சம் மடங்கு கொள்ளும்.

2004, 2005-ஆம் ஆண்டுகளில் பாம் நிறுவனத்தின் டங்ஸ்டன் டி5 போன்ற கருவிகளும், மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் மொபைல் 5.0-உம், எழுதியதை மறக்காத நினைவகத்திலேயே வைக்கத் தொடங்கின. மின்கலம் தீர்ந்து தகவல் போகும் காலம் அத்துடன் முடிந்தது எனலாம். பழைய ஆபத்து ஒழிந்தது நல்லதே. ஆனால் புதிய ஆபத்து ஒன்று அதன் இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இன்றைய மூன்று இடங்கள்

இன்று உங்கள் புகைப்படமோ பாடக் குறிப்போ தங்கக்கூடிய இடங்கள் மூன்று.

முதலாவது, கைபேசியின் உள் நினைவகம். இது மிக விரைவானது. ஆனால் இச்சில்லு மின்சுற்றுப் பலகையோடு பற்றவைக்கப்பட்டது. அதிலுள்ள தகவல் இரகசியக் குறியீடாக மாற்றப்பட்டே எழுதப்படுகிறது. அதைப் படிக்கும் திறவுகோல் அதே கைபேசியின் மையச் சில்லில் இருக்கிறது. திருடனிடமிருந்து காக்க இது சிறந்த ஏற்பாடு. ஆனால் கைபேசி கிணற்றில் விழுந்து செத்துவிட்டால், உரியவரையும் அது உள்ளே விடாது. பத்தாயத்தில் நெல் இருக்கிறது, கதவு திறக்கவில்லை.

இரண்டாவது, மெமரி கார்டு. கைபேசி கெட்டாலும் கார்டை எடுத்து வேறொன்றில் போட்டுப் படிக்கலாம். இணையம் வேண்டியதில்லை, மாதக் கட்டணம் இல்லை. குறைகளும் உண்டு. உள் நினைவகத்தை விட வேகம் குறைவு. சிறியதாகையால் தொலைந்துபோகும், கண்டெடுத்தவர் படித்துவிடலாம். போலிக் கார்டுகளும் சந்தையில் உலவுகின்றன. மேலே பெரிய எண்ணை அச்சிட்டு, உள்ளே சிறிய சில்லை வைத்துவிடுகிறார்கள்.

மூன்றாவது, 'கிளவுட்' எனப்படும் மேகம். பெயர்தான் மேகம், உண்மையில் அது பூமியில் எங்கோ ஒரு கட்டடத்தில், வேறொருவருக்குச் சொந்தமான கணிப்பொறி. கைபேசி, கார்டு, வீட்டுக் கணிப்பொறி மூன்றும் ஒரே வெள்ளத்தில் போனாலும் அங்கிருப்பது பிழைத்திருக்கும். ஆனால் அதை அடைய இணையம் வேண்டும். கடவுச்சொல் நினைவிருக்க வேண்டும். இலவச அளவு நிரம்பினால் பணம் கட்ட வேண்டும். அந்நிறுவனம் நன்றாக நடக்கவும் வேண்டும்.

இது வெறும் அச்சமன்று. அமெரிக்காவில் டீ-மொபைல் நிறுவனம் விற்ற 'சைட்கிக்' என்ற கைபேசி, தொடர்பு எண்கள், படங்கள், நாட்குறிப்புகளைத் தொலைவிலுள்ள கணிப்பொறிகளில் வைத்திருந்தது. அவற்றை நடத்திவந்தது மைக்ரோசாஃப்டுக்குச் சொந்தமான டேஞ்சர் என்ற நிறுவனம். 2009-ஆம் ஆண்டு அக்டோபரில் அக்கணிப்பொறிகள் பழுதடைந்தன. "உங்கள் தகவல் பெரும்பாலும் போய்விட்டது" என்னும் பொருள்பட வாடிக்கையாளர்களுக்கு அறிவிப்பு வந்தது. அதனோடு இன்னொரு எச்சரிக்கை: கைபேசியின் மின்கலத்தைக் கழற்ற வேண்டாம், தீரவும் விட வேண்டாம்! கைபேசியில் எஞ்சியிருந்த பிரதி ஒழுகும் குடத்தில் இருந்தது என்பதே காரணம். சில நாள்களுக்குப் பின் பெரும்பகுதித் தகவல் மீட்கப்பட்டது. ஆனால் அந்தச் சில நாள்கள், மின்கலம் தீர்ந்துவிடுமோ என்று பயந்தபடி இருந்தவர்களின் நிலை எனக்கு நன்றாகப் புரிகிறது.

அடைக்கப்படும் துளை

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். கையடக்கக் கணிப்பொறியின் நினைவகத்தில் ஒரு பகுதியாவது, உரியவர் தம் விரலால் கழற்றி எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். கார்டுத் துளையை அடைத்துவிடும் வழக்கம் நல்லதன்று. குறிப்பாக மாணவர்களுக்கு நல்லதன்று.

2007-இல் வந்த முதல் ஐஃபோனில் துளை இல்லை. 2008-இல் வந்த முதல் ஆண்ட்ராய்டு கைபேசியில் இருந்தது. சாம்சங் நிறுவனம் 2015-இல் தன் கேலக்ஸி எஸ்6 கைபேசியில் துளையை நீக்கியது. 2016-இல் எஸ்7-இல் மீண்டும் வைத்தது. 2021-இல் எஸ்21 வரிசையில் மறுபடியும் நீக்கியது. குறைந்த விலைக் கைபேசிகள் பலவற்றில் அது இன்னும் இருக்கிறது.

நீக்குவதற்குச் சொல்லப்படும் காரணங்களைப் பார்ப்போம். துளை வழியே நீர் புகும் என்கிறார்கள். ஆனால் எஸ்7-இல் கார்டுத் துளையும் இருந்தது, நீர் புகாத் தன்மையும் இருந்தது. மேலும், எத்தனையோ கைபேசிகளில் சிம் கார்டுக்கென்று ஒரு சிறு தட்டு இருக்கிறது. அதே தட்டில் மெமரி கார்டுக்கும் இடம் தரும் கருவிகள் பல உண்டு. கார்டு மெதுவானது என்கிறார்கள். உண்மைதான். செயலிகளை உள்ளே வைத்துவிட்டு, படங்களையும் பாடங்களையும் கார்டில் வைத்தால் எவ்வேகமும் குறைந்துவிடாது. கார்டு தொலையும், திருடு போகும் என்கிறார்கள். இதில் நியாயம் உண்டு. ஆனால் கார்டில் உள்ளதையும் பூட்டிவைக்கும் வசதியைத் தர முடியும். பூட்டுவதா வேண்டாமா என்பதை உரியவர் முடிவு செய்யட்டும்.

யாரும் உரக்கச் சொல்லாத காரணம் ஒன்றும் இருக்கிறது. துளை இல்லாவிட்டால், அதிக இடம் வேண்டுவோர் விலை உயர்ந்த கைபேசியை வாங்க வேண்டும், அல்லது மேகத்துக்கு மாதந்தோறும் பணம் கட்ட வேண்டும். வசதியுள்ளவர்க்கு இது பொருட்டன்று. அண்ணன் பயன்படுத்திய பழைய கைபேசியில் பாடம் படிக்கும் மாணவிக்கு இது பெரிய வேறுபாடு. அவளுக்கு ஒரு கார்டும், அதைச் செருக ஒரு துளையும் போதும்; இணையம் வராத நாளிலும் படிப்பு நிற்காது.

இவ்வெண்ணம் நம் நாட்டுக்குப் புதிதன்று. பெங்களூரில் உருவாகி 2001-இல் உலகின் கவனத்தை ஈர்த்த 'சிம்ப்யூட்டர்' என்ற கையடக்கக் கணிப்பொறியை நினைவுகொள்வோம். ஒரு சிற்றூரில் பலர் சேர்ந்து ஒரே கருவியைப் பயன்படுத்த வேண்டும் என்பது அதைத் திட்டமிட்டவர்களின் நோக்கம். அப்படியானால் ஒவ்வொருவரின் சொந்தத் தகவல் எங்கே இருப்பது? அதற்காக ஒவ்வொருவருக்கும் ஒரு 'ஸ்மார்ட் கார்டு' என்று வகுத்தார்கள். கருவி பொது, நினைவு அவரவர் சட்டைப் பையில். சிம்ப்யூட்டர் எதிர்பார்த்த அளவு விற்பனையாகவில்லை. ஆனால் அந்தப் பங்கீடு இன்றும் எனக்குச் சரியானதாகவே தோன்றுகிறது.

மூன்று கேள்விகள்

கார்டு இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. அப்படி நம்பினால், கோடியக்கரையில் செய்த பிழையையே வேறு உருவில் செய்தவனாவேன். கார்டும் தேயும், தொலையும். ஓரிடத்தில் மட்டும் இருப்பது, எவ்விடமானாலும், பாதி இழந்ததற்குச் சமம்.

ஆகவே, மாணவ நண்பர்களே, "எத்தனை ஜிபி?" என்பதோடு இன்னும் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகுங்கள். மின்சாரம் நின்றால் இது நிலைக்குமா? கருவி கெட்டால் இதை வெளியே எடுக்க முடியுமா? இதற்கு வேறோர் இடத்தில் இரண்டாம் பிரதி இருக்கிறதா? முதல் கேள்விக்கு இன்றைய பொறியியல் விடை தந்துவிட்டது. இரண்டாவதற்கு விடை தர வேண்டியவர்கள் கைபேசி செய்வோர். வாங்குவோர் கேட்டால்தான் தருவார்கள். மூன்றாவதற்கு விடை உங்கள் கையில்தான் இருக்கிறது.

இவ்வார விடுமுறையில் ஒரு சோதனை செய்து பாருங்கள். இழந்தால் மிகவும் வருந்துவேன் என்று தோன்றுபவற்றைப் பட்டியலிடுங்கள்: தாத்தாவின் குரல் பதிவு, செய்முறைப் பாடக் குறிப்பு, அக்காவின் திருமணப் படம். ஒவ்வொன்றும் எத்தனை இடங்களில் இருக்கிறது என்று எதிரே எழுதுங்கள். '1' என்று வரும் இடத்திலெல்லாம் அன்றே ஒரு பிரதி எடுங்கள். கார்டுத் துளை இல்லாத கைபேசியானால், அதன் சார்ஜர் துளையில் செருகும் பென் டிரைவ் கிடைக்கிறது. புதிய கார்டு வாங்கினால், முக்கியமானதை அதில் வைக்குமுன் ஒருமுறை முழுவதும் நிரப்பித் திறந்து பாருங்கள். போலியானால் அப்போதே தெரிந்துவிடும். பிரதி எடுத்த பின், அது திறக்கிறதா என்று சோதிக்கவும் மறவாதீர்கள்.

நான் இன்றும் பறவை பார்க்கப் போகிறேன். கைபேசியில்தான் குறிக்கிறேன். மாலையில் அறைக்குத் திரும்பியதும் அன்றைய குறிப்பைக் கார்டில் ஒரு பிரதி எடுத்து, கார்டைக் கழற்றிப் பணப்பையில் வைத்துக்கொள்கிறேன். இணையம் கிடைத்த நாளில் மேகத்துக்கும் ஒன்று போகிறது. அன்று கண்ட பறவைகளின் மொத்த எண்ணிக்கையை மட்டும் ஒரு சிறு நோட்டில் பென்சிலால் எழுதிவைக்கிறேன். அந்த நோட்டைப் பார்த்து இப்போது நான் யாரையும் கேலி செய்வதில்லை.